தெருவிளக்கைக் கழித்தால்

சென்னையில் மொட்டைமாடி ஏறி அண்ணாந்து பார்த்தால் தெரிகிற நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே நின்றுகொண்டு ஒருவர் நெபுலாவை, அதாவது விண்வெளி வாயுமேகத்தை, படம் எடுப்பதாகச் சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். கண்ணுக்கே தெரியாததைக் கேமராவுக்கு மட்டும் எப்படிக் காட்டுவது? நியாயமான கேள்வி. ஆனால் ஒரு டம்ளர் டீ தீர்வதற்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை. அடுப்பில் இன்னும் கொஞ்சம் பால் இருக்கட்டும்.

நகர வெளிச்சம் நெபுலாவை மறைக்கிறது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். மேகம் மறைக்கும், எதிரே எழும்பும் அடுக்குமாடி மறைக்கும். தெருவிளக்கு மறைப்பதில்லை. ஓரியன் நெபுலாவிலிருந்து 1,300 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வருகிற ஒளி, நம் தெருமுனை விளக்கைக் கண்டு திரும்பிப் போய்விடுவதில்லை. முழுதாக வந்து லென்ஸில் விழுகிறது. அதோடு நகரத்து வெளிச்சமும் காற்றில் சிதறி வந்து விழுகிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதுதான் சிக்கல். மறைத்ததை மீட்க வழியில்லை. சேர்த்ததைக் கழிக்கலாம். மொட்டைமாடி வானியல் படப்பிடிப்பு முழுக்க இந்தக் கழித்தல் கணக்குதான். கழித்தால் மிஞ்சுகிற ஒரு தொந்தரவும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இடம். தை, மாசி இரவுகளில் தெற்கு முகமாக நின்று நன்றாக அண்ணாந்தால் மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில் அடுத்தடுத்து இருக்கும். ஓரியன் என்கிற வேடனின் இடைக்கச்சை அது. சென்னையில்கூட இந்த மூன்றும் தெரியும். அவற்றுக்கு வடக்கே செம்மஞ்சளாக ஒளிர்வது நம் திருவாதிரை. கச்சையிலிருந்து தெற்கே தொங்கும் வாளில் மங்கலாகச் சில நட்சத்திரங்கள் உண்டு, அதன் நடுவில் இருப்பதுதான் நெபுலா. பெயர் எம்42. ஜனவரிக் கடைசியில் இரவு 9 மணி வாக்கிலும், பிப்ரவரி நடுவில் 8 மணி வாக்கிலும் உச்சத்தில் நிற்கும். சாதாரண பைனாகுலரில் பார்த்தாலே நகரத்திலும் சின்னப் புகைத்திட்டாகத் தெரியும்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு சலுகை உண்டு. எம்42 வான நடுக்கோட்டுக்கு 5 டிகிரி தெற்கே இருக்கிறது. சென்னை 13 டிகிரி வடக்கு. அதனால் நம் வானில் அது 71 டிகிரி உயரம்வரை ஏறுகிறது. லண்டனில் 33 டிகிரிதான். தாழ்வாக இருக்கிற பொருளின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வரவேண்டும். லண்டன்காரர் நம்மைவிட முக்கால் பங்கு கூடுதல் காற்றின் வழியாகப் பார்க்கிறார். நகரத்தின் ஒளிப்புகையும் அடிவானத்தை ஒட்டித்தான் அடர்ந்து கிடக்கும், தலைக்கு மேலே மெலிந்திருக்கும். ஐரோப்பியர்கள் எழுதிய கையேடுகளைப் படித்துவிட்டு நம்மால் முடியாது என்று முடிவுகட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அங்கே ஒளிர்வது என்ன? நெபுலாவின் நடுவில் டிரபீசியம் என்று ஒரு சிறு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அதிலுள்ள மிகச் சூடான இளம் நட்சத்திரத்தின் புற ஊதாக் கதிர் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகிறது. அவை மீண்டும் அணுவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் ஒளி வருகிறது. இங்கே 'மட்டும்' என்பதுதான் முக்கியம். ஹைட்ரஜனின் வலுவான சிவப்பு 656.3 நானோமீட்டரில் வருகிறது. ஆக்ஸிஜனின் நீலப்பச்சை 500.7-லும் 495.9-லும் வருகிறது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது வானவில் தெரியவில்லை, பிரகாசமான சில கோடுகளே தெரிந்தன. அந்தப் பச்சைக் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமம் இருப்பதாகவே வெகுகாலம் பேசினார்கள். 1927-இல் ஐரா போவன், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்ஸிஜன்தான் அது என்று விளக்கினார். நம் காற்றடர்த்தியில் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் அந்த ஒளி வெளிவர வாய்ப்பே இல்லை. அங்கே வெளி அவ்வளவு வெறுமையாக இருப்பதால் வருகிறது.

வீட்டுத் தோட்டத்தில் நின்று இதைப் படம் பிடிப்பதும் புதிதல்ல. எம்42-ஐ முதலில் படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30 அன்று, நியூயார்க் அருகே ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சனில் தமது சொந்த ஆய்வுக்கூடத்தில் எடுத்தார். 11 அங்குலத் தொலைநோக்கி, 51 நிமிட எக்ஸ்போஷர். அவர் மருத்துவம் படித்தவர். 1883-இல் லண்டன் புறநகரான ஈலிங்கில், சுகாதாரப் பொறியாளரான ஆண்ட்ரூ காமன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடியை நிறுத்தி அதே நெபுலாவை எடுத்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் விழுந்திருந்தன. ராயல் வானியல் கழகம் 1884-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அவர்கள் பயன்படுத்திய ரசாயனத் தகடு, தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் பதிந்துகொண்டது. இன்று செகண்ட்ஹேண்டில் வாங்குகிற டிஎஸ்எல்ஆர்கூடப் பாதியளவைப் பிடித்துவிடும். அதைவிடப் பெரிய வசதி, பிடித்ததை எண்ணாகக் கொடுக்கிறது. எண் இருந்தால்தானே கழிக்க முடியும்?

இனி அந்தக் கணக்கு. இந்த இடத்தை அவசரப்படாமல் பார்ப்போம்.

நெய் வாங்கப் பாத்திரம் கொண்டுபோகிறோம். கடைக்காரர் வெறும் பாத்திரத்தை முதலில் எடை போடுவார், நெய்யோடு மறுபடி போடுவார், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார். நெபுலாவின் மங்கலான ஓரங்களைப் பொறுத்தவரை நம் பாத்திரம் கல்யாண அண்டா, அதில் இருக்கும் நெய் ஒரு சொட்டு. அப்போதும் கழித்துவிடலாம், தராசு முள் அசையாமல் நின்றால். ஆனால் முள் நடுங்குகிறது. அந்த நடுக்கம் ஒரு சொட்டு நெய்யின் எடையைவிடப் பெரியது.

இதை எண்ணில் பார்ப்போம். ஒரு ஃப்ரேமில், ஒரு பிக்ஸலில், நகர வானத்தின் வெளிச்சம் 10,000 எலக்ட்ரான்களைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நெபுலாவின் ஓரம் 50 எலக்ட்ரான். ஒளி சீரான ஓட்டமாக வருவதில்லை, துகள் துகளாகக் கண்டபடி வந்து விழுகிறது. அதனால் எண்ணிக்கை ஒவ்வொரு பிக்ஸலிலும் கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கும். எவ்வளவு என்றால், அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு. 10,000-க்கு 100. பக்கத்துப் பிக்ஸலுக்கும் இதற்கும் 100 எலக்ட்ரான் ஏற்ற இறக்கம் இருக்கும்போது 50 எலக்ட்ரான் நெபுலாவை எங்கே தேடுவது? 10,000-ஐ எவ்வளவு துல்லியமாகக் கழித்தாலும் இந்த 100 போகாது. படத்தில் மணல் தூவியதுபோலத் தெரிகிற இரைச்சல் இதுதான். நகரம் உண்மையில் நம்மிடமிருந்து பறித்தது இருட்டைக்கூட அல்ல, இந்த நிதானத்தை.

இப்போது அதே ஃப்ரேமை 100 தடவை எடுத்துக் கூட்டுங்கள். வானம் 10 லட்சம், நெபுலா 5,000, நடுக்கம் 10 லட்சத்தின் வர்க்கமூலமான 1,000. நெபுலா இப்போது நடுக்கத்தைவிட ஐந்து மடங்கு உயர்ந்து நிற்கிறது. 400 ஃப்ரேம் எடுத்தால் பத்து மடங்கு. ஃப்ரேம்களை நான்கு மடங்காக்கினால் தெளிவு இரண்டு மடங்கு ஆகும். கஞ்சத்தனமான பேரம்தான், ஆனால் ஒருநாளும் ஏமாற்றாது. ஸ்டாக்கிங் என்று சொல்வது இதைத்தான்.

சரி, இருண்ட இடத்தோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவு கூடுதலாகச் செலவழிக்கிறோம்? அதை அளக்கிற கோல் நம் ஊரோடு தொடர்புடையது. வான்பொருள்களின் பிரகாசத்தைப் பொலிவெண்ணால் அளக்கிறார்கள். ஒரு எண் வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் 2.512 மடங்கு, ஐந்து எண் என்றால் சரியாக 100 மடங்கு. இந்த விகிதத்தை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861-இல் மதராஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று நுங்கம்பாக்கத்துக்கு வந்தவர், 1891-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவர் கண்ட நுங்கம்பாக்கம் வானம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. பெருநகர மையத்தின் வானம் நல்ல இருண்ட மலைப்பகுதியின் வானத்தைவிட நான்கு பொலிவெண் அளவு வெளிச்சமாக இருப்பது இன்று சாதாரணம். 2.512-ஐ நான்கு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 40. மங்கலான பகுதிகளில் அதே தெளிவு வேண்டுமானால் நேரமும் 40 மடங்கு. மலையில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு இங்கே 40 மணி நேரம்.

யாருக்கு அவ்வளவு பொறுமை? இங்கேதான் அந்த 'மட்டும்' கைகொடுக்கிறது. நெபுலாவின் ஒளி இரண்டு மூன்று கோடுகளில் குவிந்திருக்கிறது. நகர வெளிச்சம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை பரந்து கிடக்கிறது. 656-ஐச் சுற்றி 7 நானோமீட்டரையும், 500-ஐச் சுற்றி 7 நானோமீட்டரையும் மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் தடுக்கிற ஃபில்டர் கிடைக்கிறது. கடையில் டூயல்-பேண்ட் என்று கேட்டால் தருவார்கள். 300-இல் 14-ஐ மட்டும் விட்டால் வானத்தின் வெளிச்சம் சுமார் இருபதில் ஒரு பங்காகும். நெபுலாவின் கோடுகள் பெருமளவு தப்பிவிடும். அந்த 40 மணி நேரம் 2 மணி நேரமாகச் சுருங்கும். உண்மையில் வெளிச்சம் எல்லா நிறத்திலும் சமமாக இருப்பதில்லை என்பதால் இது தோராயக் கணக்கு. ஆனாலும் மனிதர் செய்யக்கூடிய வேலையாகிவிட்டது, பாருங்கள்.

தெருவிளக்குகள் மாறியதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சோடியம் விளக்கின் வெளிச்சம் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியில் குவிந்திருந்தது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டுகிற பழைய ஒளிமாசு ஃபில்டர் நன்றாகவே வேலை செய்தது. இப்போது எங்கும் வெள்ளை எல்இடி. அதன் ஒளி 450 நானோமீட்டர் நீலத்தில் ஒரு கூர்முனையோடு தொடங்கி, 480 பக்கம் தாழ்ந்து, மறுபடி பச்சை மஞ்சளில் மேடாகப் பரவுகிறது. வெட்டி எறிய ஒரு தனிப்பகுதி இல்லை. பழைய ஃபில்டர்களை மலிவாக விற்கிறார்கள் என்றால் காரணம் இதுதான், வாங்காதீர்கள். ஆனால் ஹைட்ரஜனின் சிவப்பில் எல்இடி ஏற்கெனவே மெலிந்துவிடுகிறது. காற்று மூலக்கூறுகள் 450 நீலத்தை 656 சிவப்பைவிட நாலரை மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. நகர வானத்தில் மிச்சமிருக்கிற இருட்டு சிவப்புப் பக்கம்தான்.

ஃபில்டருக்கு ஒரு விலையும் உண்டு. நெபுலாவின் தூசு நட்சத்திர ஒளியைப் பிரதிபலித்துக் காட்டுகிற நீலம் கோடுகளில் வராது, அது முழு நிறமாலையிலும் பரந்தது. ஃபில்டர் அதையும் சேர்த்து வெட்டிவிடும். எம்42-க்குச் சற்று வடக்கே 'ரன்னிங் மேன்' என்கிற நீலப் பிரதிபலிப்பு நெபுலா இருக்கிறது. ஃபில்டர் போட்டால் அது ஏறக்குறைய காணாமல் போகும். நட்சத்திரங்களின் நிறமும் பாழாகும். அதனால் கொஞ்ச நேரம் ஃபில்டர் இல்லாமலும் எடுத்து, நட்சத்திரங்களை அதிலிருந்து சேர்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இன்னொரு தடை கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால், தோலின் நிறம் சிவந்துவிடாதபடி ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். 656 சிவப்பில் கால்வாசியைத்தான் அது விடும். அதை எடுத்து மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எம்42 மிகப் பிரகாசமானது, மாற்றாத கேமராவிலேயே இளஞ்சிவப்பாக விழும். முதல் பருவத்திலேயே கேமராவைத் திறக்க ஓடவேண்டாம்.

எதைக்கொண்டு தொடங்குவது? ஒரு ட்ரைபாட், 85 முதல் 135 மி.மீ. வரை ஏதாவதொரு லென்ஸ், கேமராவைக் கையால் தொடாமல் இயக்க ஒரு ரிமோட். பூமி சுழல்வதால் ஓரியன் பகுதி விநாடிக்கு 15 ஆர்க்விநாடி நகர்கிறது. வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் வேகமும் அங்கேதான் அதிகம். 85 மி.மீ. லென்ஸில் ஒரு விநாடிக்குள் நட்சத்திரம் ஒன்றரைப் பிக்ஸல் நகர்ந்துவிடும், இரண்டு விநாடியில் சிறு கோடாகும். எனவே ஒரு விநாடி எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ 1600, லென்ஸின் வாயை அகலத் திறந்து வைத்து நூற்றுக்கணக்கில் எடுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை நெபுலா ஃப்ரேமை விட்டு நழுவப் பார்க்கும், திருப்பி நடுவில் வையுங்கள். ஃபோகஸை ஆட்டோவில் விடக்கூடாது. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, ஓரியனிலுள்ள பிரகாசமான ரைஜெல் நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்பி, வளையத்தின்மேல் செலோடேப் ஒட்டிவிடுங்கள். இதற்கு மேலே ஒன்றும் வேண்டாம். இவ்வளவிலேயே நெபுலாவின் இரு சிறகுகளும் வந்துவிடும்.

ஒரு விநாடியில் என்ன வரப்போகிறது என்று அலட்சியப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு ஃப்ரேமையும் படித்தெடுக்கும்போது சென்சார் தன் பங்குக்குச் சிறிது இரைச்சல் சேர்க்கும். இருண்ட வானத்தில் அதை அமுக்க நீண்ட எக்ஸ்போஷர் தேவைப்படும். நகரத்தில் வான வெளிச்சத்தின் நடுக்கமே சில விநாடிகளில் அதை மூழ்கடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஃப்ரேமை நீட்டுவதால் லாபமில்லை. 30 விநாடியில் நாலு ஃப்ரேம் எடுத்தாலும் 120 விநாடியில் ஒன்று எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றே. டிரேப்பரின் 51 நிமிடத்தை இங்கே ஒரே மூச்சில் வைத்தால் வெள்ளைத்தாள்தான் கிடைக்கும். ட்ராக்கர் இருந்தால் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்), ஃபில்டர் இல்லாமல் எஃப்/4, ஐஎஸ்ஓ 800-இல் 20, 30 விநாடி போதும், டூயல்-பேண்ட் போட்டால் இரண்டு மூன்று நிமிடம். கேமராவின் பின்புறம் வருகிற ஹிஸ்டோகிராமில் மேடு இடது விளிம்பிலிருந்து பிரிந்து கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் நிற்கட்டும்.

நடுவில் இருக்கிற டிரபீசியம் மட்டும் இந்த எக்ஸ்போஷருக்கும் கட்டுப்படாது. ஓரங்கள் தெரிகிற எக்ஸ்போஷரில் நடுப்பகுதி வெளுத்து, உள்ளே நாலு நட்சத்திரம் இருந்த சுவடே தெரியாது. இரண்டு மூன்று விநாடியில் தனியாக ஒரு தொகுதி எடுத்துவைத்துப் பிற்பாடு நடுவில் பொருத்தவேண்டும். பலரும் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். நெபுலா முழுக்க ஒளிர்வதற்குக் காரணமானவர்களையே படத்திலிருந்து நீக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ட்ராக்கர் என்பது பூமியின் சுழற்சிக்கு எதிராக அதே வேகத்தில் கேமராவைத் திருப்புகிற கருவி. அதன் அச்சு வானின் வடதுருவத்தை நோக்கி நிற்கவேண்டும். கையேடுகள் எல்லாம் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய் என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்த நட்சத்திரத்தின் உயரம் நம் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை, அடிவானப் புகை எல்லாம் அதற்கு முன்னால் நிற்கும். பல வீடுகளிலிருந்து அது தெரியவே தெரியாது. சில மவுண்டுகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர்எடை ட்ரைபாட் காலில் இடிக்கும் என்பது தனித் தலைவலி. வாங்கும் முன்பே எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேட்டுவிடுங்கள்.

வழி இருக்கிறது. நம் பகுதியில் திசைகாட்டியின் வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் விலகும். கான்கிரீட்டில் இருக்கிற கம்பிகள் ஊசியைத் திருப்பிவிடும் என்பதால், தரையிலிருந்து தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சாய்வை ஃபோனின் மட்டமானியில் வைத்துக்கொள்ளலாம். சிறிய லென்ஸுக்கு இதுவே தாங்கும். 200 மி.மீ.க்கு மேலே போனால், வானில் தெரிகிற இடத்தில் மூன்று படம் எடுத்து, அவற்றிலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பவேண்டும் என்று சொல்கிற மென்பொருள்கள் வந்துவிட்டன. 'நீனா' என்கிற இலவச மென்பொருளில் இந்த வசதி உண்டு. துருவ நட்சத்திரம் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

கழிக்கவேண்டியது வானம் மட்டுமல்ல. சென்சார் சூடாக இருக்கும்போது ஒளியே படாமல் எலக்ட்ரான்கள் ஊறும், சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறினாலே இரண்டு மடங்காகும். நம் குளிர்கால இரவும் கேமராவுக்கு வெயில்காலம்தான். அதே எக்ஸ்போஷரில், அதே வெப்பநிலையில், மூடி போட்டு இருபது முப்பது ஃப்ரேம் எடுத்துவைத்தால் அந்த ஊறலைக் கழிக்கலாம். லென்ஸின் ஓரங்கள் இருட்டாக விழுவதையும் தூசிப் பொட்டுகளையும் சரிசெய்ய, சீரான வெள்ளை வெளிச்சத்தில் சில ஃப்ரேம் வேண்டும். வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸ்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து, விடிகாலை வானத்தை நோக்கி எடுங்கள், ஃபோகஸைத் தொடாமல். நகரத்தில் இந்தப் படிதான் உயிர்நாடி. நெபுலாவின் 50 எலக்ட்ரானைத் தேடும்போது, ஓரத்தில் 10,000 என்பது 9,000 ஆகக் குறைவது பெரிய பள்ளம்.

கடலோர ஊர்களில் லென்ஸில் பனி படியும். லென்ஸ் கழுத்தில் சுற்றுகிற யூஎஸ்பி சூடேற்றிப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போகிப் பண்டிகை இரவை விட்டுவிடுங்கள், அந்தப் புகையை எந்தக் கணக்காலும் கழிக்க முடியாது. அது உண்மையிலேயே மறைக்கிற வகை. மீனம்பாக்கம் விமானங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நூறு ஃப்ரேமில் ஒன்றில் மட்டும் ஒரு பிக்ஸல் எகிறினால், அடுக்கும் மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டு மற்ற 99-இன் சராசரியை எடுத்துக்கொள்ளும்.

அடுக்குவதற்கு சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டும் இலவசம். ஃப்ரேம்களைக் கண்டிப்பாக ரா கோப்பாக எடுங்கள். ஜேபெக் வேண்டாம், அதில் கேமரா தன் இஷ்டத்துக்கு எண்களை வளைத்துவிடும், பிறகு கழித்தல் பொய்யாகும். அடுக்கி முடித்ததும் வருகிற படத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம், பழுப்புச் சாயம் அடித்த சுவர்மாதிரி இருக்கும். நகர மையம் இருக்கிற திசையில் ஓரம் வெளுத்தும் இருக்கும். வானத்தின் வெவ்வேறு இடங்களில் பின்னணி அளவை எடுத்து, ஒரு சாய்தளம் போட்டு, அதைக் கழிக்கிற கருவி சிரிலிலேயே இருக்கிறது. நெபுலாவின்மேல் மாதிரிப் புள்ளி வைத்துவிடாதீர்கள், வைத்தால் அதுவும் சேர்ந்து கழிந்துவிடும். கழித்த பிறகு மங்கலான எண்களை மட்டும் மேலே இழுத்து நீட்டினால், பழுப்பு போய் உள்ளிருந்து அந்தச் சிவப்பு எழும்பி வரும்.

இந்தக் கட்டத்தில் கை நிற்பது கஷ்டம். இன்னும் கொஞ்சம் நிறம், இன்னும் கொஞ்சம் கூர்மை என்று போய், வானத்தை மைக்கறுப்பாக்கி, இரைச்சலையெல்லாம் மழித்து, நெபுலாவைப் பிளாஸ்டிக் பொம்மையாக்கிவிடுகிறவர்கள் அதிகம். பின்னணி சற்றே சாம்பலாக இருக்கட்டும். நேரம் கொடுத்துச் சேர்க்காத விவரத்தை மென்பொருளிடம் கேட்டால் அது ஊகித்துத்தான் கொடுக்கும், ஊகத்தைப் படம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நிறத்திலும் ஒரு சண்டை நடக்கும்: பெரிய தொலைநோக்கியில் நேரில் பார்த்தவர்கள் அது பச்சை என்பார்கள். இருட்டில் நம் கண்ணுக்கு 500 நானோமீட்டரைச் சுற்றித்தான் கூர்மை அதிகம், ஆக்ஸிஜனின் கோடு அங்கேயே விழுகிறது. கேமரா ஹைட்ரஜனின் சிவப்பையும் எண்ணுகிறது. இரண்டும் பொய்யில்லை.

இவ்வளவையும் தானே செய்துகொள்கிற சின்ன ஸ்மார்ட் தொலைநோக்கிகள் இப்போது வந்துவிட்டன. ஃபோனில் எம்42 என்று தட்டினால் அதுவே தேடி, பத்து விநாடி ஃப்ரேம்களாக எடுத்து, அங்கேயே அடுக்கிக் காட்டும். டூயல்-பேண்ட் ஃபில்டரும் உள்ளேயே உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன், படம் கண்முன்னே தேறிவருவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பிடியையும் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இது அலுத்துவிடும்.

பங்குனி பிறந்தால் ஓரியன் மாலையிலேயே மேற்கே சாயத் தொடங்கும். ஏப்ரலில் இரவு 9, 10 மணிக்குத் தெற்கே தாழ்வாகக் கரீனா நெபுலா வரும். ஓரியனைவிடப் பெரியது, பிரகாசமானது. ஐரோப்பாவில் யார் கண்ணுக்கும் தெரியாதது. சென்னையில் 17 டிகிரி உயரமும் கன்னியாகுமரியில் 22-ம் ஏறும். தெற்கே கடலோ வயலோ இருக்கிற வீட்டுக்காரர்கள் அதை விடக்கூடாது. மற்றவர்கள் மே மாதம் நள்ளிரவுக்குமேல் விழித்திருந்து, 50 டிகிரிக்குமேல் ஏறுகிற லகூன் நெபுலாவை, எம்8-ஐ எடுக்கலாம். அதுவும் ஹைட்ரஜன் சிவப்பு, இதே ஃபில்டர் போதும்.